மூன்றாம் பிரசவத்துக்குப் பாதி ஓய்வா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் ஆலைத் தொழிலாளத் தோழர்களே! நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பிழைக்கும் தாய்மார்களே!

முப்பத்தைந்து வயதைத் தாண்டிக் கருவுறும் பெண்ணுக்கு ஆபத்து அதிகம் என்பது மருத்துவம் கண்ட உண்மை. இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் கருச்சிதைவும் இளம் வயதினரைவிட அவளையே அதிகம் தாக்கும். பல பிள்ளைகள் பெற்றவளின் கருப்பை, பிரசவமானதும் சரிவரச் சுருங்காமல் போகலாம், இரத்தம் பெருகும். சோகை பிடித்த உடல் அதைத் தாங்குமா?

அப்படியானால் அதிக ஓய்வு யாருக்கு வேண்டும்? அவளுக்குத்தானே! சட்டமோ அவளிடமிருந்துதான் பறிக்கிறது!

1961ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டத்தை 2017இல் திருத்தினார்கள். சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்று முரசு கொட்டினார்கள். ஆனால் இரண்டு பிள்ளைகள் உயிரோடிருந்தால், அடுத்த பிரசவத்துக்கு 12 வாரந்தான்! 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே கணக்குதான்.

வயலில் உழைப்பவளுக்கு அந்த 12 வாரமும் கிடையாது. இன்று ஒருவர் நிலம், நாளை வேறொருவர் நிலம். எந்த நிலச்சுவான்தார் அவளுக்கு விடுப்புச் சம்பளம் தருகிறார்?

2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. எத்தனையாவது பிள்ளை என்று கேட்கவில்லை. 2017இல் வந்த மத்திய அரசின் திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்று சுருக்கியது. இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 என்று 2022இல் சேர்த்தார்கள். மூன்றாவதற்குக் காலணா இல்லை. மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடுகிறது.

“ஜனத்தொகை பெருகுமே” என்பார்கள். பொய்! தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகள்கூட இல்லை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே காட்டிவிட்டது. ஆண் வாரிசு வேண்டுமென்று நெருக்குவது குடும்பம். தண்டனை மட்டும் அவளுக்கா?

தாய்மார்களே! வயது கூடிய பின் கருவுற்றால் கூச்சம் வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கடுந்தலைவலி, கண் மங்கல், முக வீக்கம், இரத்தப் போக்கு – எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் வரிப்பணத்தில் நிற்பது. அங்கே போவது நம் உரிமை.

ஆண் தோழர்களே! இது பெண்கள் விவகாரமல்ல, கூலிப் பிரச்னை. சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள்!

எத்தனையாவது பிரசவமானாலும் 26 வாரம்!
வயலில் உழைப்பவளுக்கும் கூலியோடு ஓய்வு!