சீட்டுக் காசு எங்கட காசில்லை



இந்தக் கிழமை எபிசோட் கேட்டிருப்பீங்கள். வேலையை விட்டுவிட்டு சொந்தமாக கொன்ட்ராக்ட் செய்யப் போறவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேணும் என்று கதைத்தோம். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: "வரியை எப்பிடிக் குறைக்கிறது?" எங்கட விருந்தினர், "நல்ல கணக்காளர் ஒருத்தரைப் பிடிச்சுக் குடுத்திட்டு மறந்திடுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தோம், நேரமும் முடிந்தது.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நானும் ஒருகாலத்தில் அப்படிக் குடுத்துவிட்டு மறந்தவன்தான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று இன்றைக்கு எழுதுகிறேன்.

என்ட கருத்து இதுதான். வரியை எப்படிக் குறைக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: என்ட வங்கிக் கணக்கில் இருக்கிற காசில் எது என்னுடையது? இதற்குப் பதில் தெரியாத ஆளுக்கு எந்தக் கணக்காளராலும் உதவ முடியாது.

2022 ஏப்ரலில் லிமிட்டட் கம்பனி பதிந்தேன். முதல் வருடம் நாளுக்கு 350 பவுண்ஸ். வருட முடிவில், என்ட சம்பளம், செலவு எல்லாம் போக லாபம் 48,000. சம்பளமாக 12,570 பவுண்ஸும் டிவிடெண்டாக 30,000 பவுண்ஸும் எடுத்திருந்தேன். இரண்டாவது வருடம் ரேட் 450 ஆனது, வற் வரிக்கும் பதிந்தேன். ஒவ்வொரு மாதமும் 9,000 பவுண்ஸ் இன்வொய்ஸ், அதன்மேல் 1,800 வற். கணக்கில் 10,800 வந்து விழும். போனில் அந்த இலக்கத்தைப் பார்க்கும்போது வருகிற சந்தோசம் இருக்கே, சொல்லி வேலையில்லை.

2023 நவம்பர் தொடக்கத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம். ஹோல், சாப்பாடு, மேடை என்று செலவு ஏறிக்கொண்டே போனது. கம்பனிக் கணக்கில் 24,000 பவுண்ஸ் கிடந்தது. அப்பாவிடம் "நான் பாக்கிறன்" என்று சொல்லி 18,000ஐ எடுத்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் கவலை இல்லை.

டிசம்பர் முதல் கிழமை, நான் வேலை செய்த நிறுவனம் செலவைக் குறைக்கிறோம் என்று கொன்ட்ராக்டர்மாரை நிறுத்தியது. கடைசி இன்வொய்ஸ் 10,800 வந்தது. வாடகை, சாப்பாடு என்று இரண்டு மாதத்துக்கு 4,000 போனது. மிச்சம் 12,800.

இனி வந்த பில்களைப் பாருங்கள்.

என்ட கம்பனியின் கணக்காண்டு மார்ச் 31இல் முடியும். கோப்பரேஷன் வரி கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் கழித்துக் கட்ட வேணும். அதாவது ஜனவரி 1. 48,000இல் 19% என்றால் 9,120.

ஜனவரி 31, என்ட சொந்த வருமான வரி. 30,000 டிவிடெண்டில் 2,000க்கு அந்த வருடம் விலக்கு. மிச்சம் 28,000க்கு 8.75%, அதாவது 2,450. அதோடு முடியவில்லை. பில் 1,000 பவுண்ஸுக்கு மேலே போய், வரியில் பெரும்பங்கு சம்பளத்திலேயே பிடிபடாமல் இருந்தால், அடுத்த வருடத்துக்கான முற்பணமாக அதில் பாதியையும் சேர்த்துக் கட்ட வேணும். மற்றப் பாதி ஜூலை 31இல். ஆக ஜனவரியில் 3,675.

பெப்ரவரி 7, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டின் வற் வரி. இரண்டு இன்வொய்ஸுக்கு 3,600.

மொத்தம் 16,395 பவுண்ஸ். முப்பத்தெட்டு நாளுக்குள். கையில் 12,800.

கோப்பரேஷன் வரியையும் வற்றையும் கட்டினால் கணக்கில் மிஞ்சுவது 80 பவுண்ஸ். என்ட சொந்த வரி 3,675க்கு ஒரு சதமும் இல்லை. ஐந்து வருடம் சொஃப்ட்வேர் எழுதினவன், கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன், இந்தக் கூட்டல் கணக்கை ஜனவரி இரண்டாம் கிழமைதான் முதன்முதலாகச் செய்தேன்.

கணக்காளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் எல்லாத் திகதியையும் ஈமெயிலில் அனுப்பியிருந்தார். ஆனால் நான் நவம்பரில் காசை எடுத்தபோது அவர் பக்கத்தில் நிற்கவில்லை. கணக்காளர் பார்க்கிறது நடந்து முடிந்த கதையை. காசை எடுக்கும் அந்த நிமிடத்தில் நாங்கள் தனியாகத்தான் நிற்கிறோம்.

எப்படித் தப்பினேன்? வரித்துறையிடம் தவணை கேட்டேன். சொந்த வருமான வரி 30,000 பவுண்ஸுக்குள் என்றால் பெரும்பாலும் ஒன்லைனிலேயே தவணைத் திட்டம் போடலாம். கட்டவேண்டிய திகதியிலிருந்து 30 நாள் தாண்டினால் 5% தண்டம் விழும். அதற்கு முன்னமே திட்டம் போட்டபடியால் வட்டி மட்டும்தான். உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால் கடிதத்தை லாச்சிக்குள் ஒளிக்காதீங்கோ. முதல் நாளே கேளுங்கோ.

அதோடு எடுத்த 18,000 பவுண்ஸ்? அது சம்பளமும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அது நான் கம்பனியிடம் பட்ட கடன். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் ஆவதற்குள் திருப்பிக் கட்டாவிட்டால் கம்பனி அந்தத் தொகைக்கு அப்போதிருந்த வீதப்படி 33.75% வரி கட்ட வேண்டியிருந்தது. 6,075 பவுண்ஸ். கடனை அடைத்தால் பிறகு அது திரும்பி வரும், ஆனால் உடனே வராது. போதாததுக்கு, கடன் 10,000ஐத் தாண்டினால் கம்பனிக்கு வட்டி கட்ட வேணும், இல்லாவிட்டால் அதையும் ஒரு சலுகையாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். மார்ச்சில் புதுக் கொன்ட்ராக்ட் கிடைத்தது. 2024 டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் அந்தக் கடனைத்தான் அடைத்தேன். ஒரு விடுமுறையும் போகவில்லை.

இதை அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். ஈஸ்ட்ஹாமில் அப்பாவுக்குக் கடை இருந்த காலத்தில் கடை லாச்சியும் வீட்டுப் பேர்ஸும் ஒன்றுதான். பில்லெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள். ஜனவரி வந்தால் வீட்டில் சண்டை. ஆனால் அதே வீட்டில் அம்மா இருபது பேரை வைத்து மாதம் 250 பவுண்ஸ் சீட்டுப் பிடித்தவ. மாதம் 5,000 பவுண்ஸ் அவவின் கையால் போகும். ஒரு மாதமும் பிந்தினது இல்லை. அந்தக் காசு கபேட்டில் தனி என்வலப்பில் இருக்கும். ஒருமுறை வீட்டு மோர்கேஜுக்கே காசு குறைந்து, அப்பா அந்த என்வலப்பைக் கேட்டபோது அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு: "அது சீட்டுக் காசு. எங்கட காசில்லை."

நான் கதையைச் சொல்லி முடிக்க அம்மா கேட்டா: "அப்ப நீ சீட்டுக் காசை எடுத்தெல்லோ கல்யாணம் செய்திருக்கிறாய்?"

ஓம். அதுதான் நடந்தது.

யோசித்துப் பாருங்கள். சீட்டில் முதலே எடுத்தவர், எடுத்த காசு செலவாகிப் போனாலும் கடைசி மாதம் வரை கட்ட வேணும். டிவிடெண்டும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் எடுத்த டிவிடெண்டுக்கு வரி கட்டும் நாள் 2024 ஜனவரி 31. ஏறத்தாழ 22 மாதம். அதற்குள் அந்தக் காசு எங்கே போனது என்றே மறந்திருப்போம். வற் இன்னும் தெளிவு. அது ஒரு நாளும் எங்கட காசாக இருந்ததே இல்லை. வாடிக்கையாளர் வரித்துறைக்குக் குடுக்கச் சொல்லி எங்கட கையில் தந்து விடுகிறார். சீட்டுப் பிடிக்கிறவர் போல நாங்கள் இடையில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்கிறது இதுதான். 10,800 வந்த அன்றைக்கே 1,800ஐ வற் பானைக்குள் போடுகிறேன். மிச்சம் 9,000இல் கால்வாசி, 2,250ஐக் கோப்பரேஷன் வரிப் பானைக்குள். 2023 ஏப்ரலிலிருந்து 50,000 லாபம் வரை 19%, 250,000க்கு மேல் 25%, இடையில் படிப்படியாக ஏறும். ஆகவே 25% ஒதுக்கினால் குறையாது, கொஞ்சம் மிஞ்சும். கடைசியாக, டிவிடெண்ட் எடுக்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு என்ட சொந்தக் கணக்கிலுள்ள வரிப் பானைக்குள். ஐந்தில் ஒன்று என்பது என்ட கணக்கு. 40% வரிப் படிக்குள் போகிறவருக்கு அது காணாது. விலக்கும் 2022இல் 2,000 இருந்தது, 2024 ஏப்ரலிலிருந்து வெறும் 500.

இப்போது பல வங்கி அப்களில் கணக்குக்குள்ளேயே இப்படித் தனித்தனிப் பானை வைக்கலாம். அதற்குள் போட்ட காசு பெரிய இலக்கத்தில் தெரியாது. எனக்கு அதுதான் முக்கியம். என்ட ஒழுக்கத்தை நான் நம்புவதில்லை. புரொடக்ஷன் சேர்வருக்கு எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் குடுக்க மாட்டோம் இல்லையா? கல்யாண மூட்டில் இருக்கிற எனக்கு வரிக் காசில் அக்சஸ் இல்லை.

"காசு சும்மா கிடக்குதே" என்று கேட்பீங்கள். சும்மா கிடக்கட்டும். வட்டி தருகிற சேமிப்புக் கணக்கில் போட்டால் கொஞ்சம் வரும். டிசம்பரில் கொன்ட்ராக்ட் நின்றால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அதுதான் பெரிய வட்டி.

இனி அந்த இரண்டாவது கேள்வி. குறைக்கலாம், ஒழுங்கான வழி இருக்கு. கம்பனியே உங்கட பென்ஷனுக்குக் கட்டினால் அது பொதுவாகக் கம்பனிச் செலவு. வேலைக்கு வாங்கின லப்டொப், சொஃப்ட்வேர் எல்லாம் செலவுதான். இதைக் கணக்காளரிடம் கேளுங்கள், அதற்குத்தான் அவர். ஆனால் "நூறில் தொண்ணூறு உங்கட கைக்கு வரும்" என்று யாராவது சொன்னால் எழும்பிப் போங்கோ. எங்கட துறையிலேயே நடந்த கதை இது. சம்பளத்தைக் "கடன்" என்ற பெயரில் குடுக்கிற திட்டங்களில் ஆயிரக்கணக்கான கொன்ட்ராக்டர்மார் சேர்ந்தார்கள். சட்டப்படி சரி என்று சொல்லித்தான் விற்றார்கள். 2017இல் அதற்குத் தனி வரிச் சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் 5இல் அடைபடாமல் இருந்த கடனெல்லாம் வருமானமாகக் கணக்கிடப்பட்டது. பிறகு நடந்த மீளாய்வுக்குப் பின் 2010 டிசம்பர் 9க்கு முந்தின கடன்களை விலக்கினார்கள். மற்றவர்களுக்குப் பல வருட வரி ஒரேயடியாக வந்து விழுந்தது. திட்டத்தை விற்றவர்கள் தங்கட கொமிஷனோடு போய்விட்டார்கள்.

கம்பனி இல்லாமல் சொந்தப் பெயரில் போட்டோ எடுக்கிறவர்கள், கேக் செய்கிறவர்கள், யூடியூப் செய்கிறவர்களும் இதை வாசிக்கிறீங்கள் என்று தெரியும். உங்களுக்குப் பானை இரண்டு போதும், ஆனால் அதே கதைதான். 2026 ஏப்ரல் 6 தொடங்கி, தொழில், வாடகை வரவு 50,000 பவுண்ஸுக்கு மேல் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொஃப்ட்வேர் மூலம் கணக்கு அனுப்ப வேணும். 2027இல் அந்த எல்லை 30,000, 2028இல் 20,000. பலர் இதை இடைஞ்சல் என்கிறார்கள். எனக்கென்றால் பிஸ்கட் டின்னை மூட இது நல்ல சாட்டு.

கடைசியாக வீட்டு விசயம். கம்பனி வைத்திருக்கிற பிள்ளை என்றால் எங்கட ஆக்களுக்கு அது காசுக்காரப் பிள்ளை. ஊரில் பெரியம்மா வீட்டுக் கூரைக்கு, மச்சானின் வானுக்கு என்று கேள்வி வரும். உதவ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் படிக்கக் காசு தந்ததும் அதே ஆக்கள்தான். ஆனால் கோப்பரேஷன் வரி, முற்பணம், டைரக்டர் கடன் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். போன வருடம் கேட்டபோது, "அப்பா, அது சீட்டுக் காசு" என்றேன். அப்பா அடுத்த கேள்வி கேட்கவில்லை. "அப்ப உன்ட காசு எவ்வளவு இருக்கு?" என்றார். அதில் பாதியைக் குடுத்தேன்.

இன்றைக்கு இரவு உங்கட வங்கி அப்பைத் திறவுங்கோ. அதில் தெரிகிற இலக்கத்திலிருந்து அடுத்த ஜனவரி, பெப்ரவரி, ஜூலை பில்களைக் கழியுங்கோ. மிஞ்சுகிறதுதான் உங்கட காசு.

அடுத்த கிழமை எபிசோட்டில் சந்திப்போம்.