நஞ்சைக் குறைக்கும் வழி

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இந்நாட்டினுள் வரலாகாது என ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. இடையில் வந்த பெரும்போகத்தில் அல்லற்பட்டவர் யாவர்? சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வயலை நம்பி வாழும் கமக்காரரேயன்றி, ஆணையிட்டோர் அல்லர்.

இதனைக் காட்டி, நஞ்சின்றி வேளாண்மை இல்லையென்று வாதிடுவோர் உளர். வழக்குமன்றச் சாட்சியங்களோடு பழகியவன் என்ற முறையில் இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ், 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. விளைச்சல் குன்றவில்லை. 1995இல் இலட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதமோ பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. வீட்டு மூலையிலிருந்த போத்தல் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நமது வைத்தியர்கள் அறிவர்.

அறக்கொட்டியானுக்கென அடிக்கும் மருந்து, அதனைத் தின்னும் சிலந்தியையும் கொன்றுவிடுகிறது. பின்னர் அறக்கொட்டியான் முன்னிலும் பெருகுகிறது. இதனைப் பட்டறிந்த இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. தடையோடு நில்லாது, வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பார்க்கவும் உழவரைப் பயிற்றியது. நம் நாட்டில் 2021இல் ஆணை மட்டுமே வந்தது.

கொழும்பை எதிர்பாராமலே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. போகந்தோறும் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தின் முடிவுகள் சட்டவலுவுடையவை. ஒரே வட்டையில் ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக விதைத்தால் பூச்சிக்கு ஓயாத விருந்துதான். வட்டை முழுவதும் ஒரே வாரத்தில் விதைப்பதென்று அங்கே தீர்மானிக்கலாம். சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக்காணிகளை இறுங்குக்கு ஒதுக்கலாம். நெல்லிலும் குறைந்த நீரே அதற்குப் போதும். குருத்து ஈ அதன் பகையே. ஆயினும் காலத்தோடு, அயலவர் யாவரும் ஒருமிக்க விதைத்தால், மருந்தின்றியே பெரும்பாலும் தப்பிவிடும். குருவிக்குக் காவல் வேண்டும், மெய்தான். விளைந்ததை வாங்க ஆளும் வேண்டும். நெல்லுக்குச் சந்தைப்படுத்தும் சபை இருப்பதுபோல் இறுங்குக்கும் விலையுறுதி கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை.

கல்முனையில் தொழில்புரியும் வழக்கறிஞர், ஆசிரியர், வைத்தியர் பலருக்கு வயற்காணி உண்டு. குத்தகைப் பணம் வாங்கும் நாளில் மட்டும் வட்டையை நினைப்பவர்கள், அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் தம் குத்தகைக்காரரின் பக்கத்தில் அமர்ந்து இத்தீர்மானங்களை முன்மொழிவார்களா?