நிணநீர் முடிச்சும் நோயாளியின் சம்மதமும்

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் கையொப்பமிடும் படிவத்தில், 'இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளை நீக்குதல்' என்றொரு வரி இடம்பெறுவதுண்டு. அதன் நோக்கத்தை அறிந்து கையொப்பமிடுவோர் மிகச் சிலரே.

புற்றுநோய் சுரப்பியைத் தாண்டிப் பரவும்போது, முதலில் சென்றடையும் இடங்களுள் இம்முடிச்சுகளும் அடங்கும். அவற்றை நீக்கி நுண்ணோக்கியில் ஆராய்வதே பரவலை உறுதிசெய்யும் நம்பகமான வழி. ஆனால், நீக்குவதாலேயே நோய் குணமாகிறதா என்பது வேறு கேள்வி. குறைவாக நீக்குவதையும் விரிவாக நீக்குவதையும் ஒப்பிட்டு பிரேசிலில் 300 பேரிடமும், நியூயார்க்கில் 1,440 பேரிடமும் நடத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு மீண்டும் உயர்வதில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நியூயார்க் ஆய்வின் நீண்டகாலத் தொடர்ச்சியில், விரிவாக நீக்கப்பட்டவர்களிடம் தொலைவிடப் பரவல் குறைந்திருந்தது. எனவே, விவாதம் முற்றுப்பெறவில்லை. முடிச்சுகளைத் தொடாமலே விடுவதோடு இவ்விரு ஆய்வுகளும் ஒப்பிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

விலையும் உண்டு. அறுவை நேரம் நீளும். நிணநீர் தேங்கி வலியோ தொற்றோ ஏற்படலாம். காலில் வீக்கம், ரத்தக் குழாயில் உறைகட்டி ஆகியவையும் நேரலாம். அதனால்தான், பரவியிருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதைக் கணக்கிட்டு முடிவெடுக்குமாறு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஐரோப்பிய வழிகாட்டுதல் நெடுங்காலம் 5 சதவீதத்தை எல்லையாகக் கொண்டிருந்தது. அந்த எல்லையில் இருக்கும் 20 பேரில் 19 பேருக்கு முடிச்சுகளில் நோய் இராது. அறுவையின் பக்கவிளைவுக்கான வாய்ப்போ இருபதின்மருக்கும் உண்டு.

பொருளியலில் ஒரு விதி உண்டு: தகவலின் மதிப்பு, அது முடிவை மாற்றும் அளவே. முடிச்சில் நோய் தெரிந்தால் ஹார்மோன் சிகிச்சையோ கதிர்வீச்சோ தொடங்கப்படும் என்றால், அந்தத் தகவலுக்கு மதிப்புண்டு. அத்தகையோருக்கு உடனடி ஹார்மோன் சிகிச்சை ஆயுளை நீட்டித்ததை 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறாது என்றால், நோயாளி விலை கொடுத்து வாங்குவது எதை?

இப்போது பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் வந்துவிட்டது. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் அதன் துல்லியம் 92 சதவீதம். வழக்கமான ஸ்கேன்களுக்கோ 65 சதவீதம். எனினும், மிகச் சிறிய பரவலை அதுவும் தவறவிடும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பது முடிச்சில் ஒன்றுமில்லை என்பதாகாது.

மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்று கென்னத் ஏரோ 1963-இல் எழுதினார். நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கிய அக்கட்டுரைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மருத்துவர்கள் பேராசையால் கூடுதலாக அறுக்கிறார்கள் என்று நான் கூறவில்லை. சான்று அரைகுறையாக உள்ள இடத்தில், நல்ல மருத்துவர்களே மாறுபட்ட முடிவுக்கு வருகிறார்கள். அத்தகைய இடத்தில்தான் நோயாளியின் விருப்பத்துக்கு இடமளிக்க வேண்டும்.

சிகிச்சையின் நோக்கம், பயன், மாற்று வழி, இடர் ஆகியவற்றை அறிந்து அளிப்பதே உண்மையான சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நோயாளியும் குடும்பத்தாரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எனக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம்? முடிவு தெரிந்தால் என் சிகிச்சை எவ்வாறு மாறும்? நீக்காவிட்டால் என்ன இழப்பு? இவற்றுக்கான விடைகளைத் தாய்மொழியில் சம்மதப் படிவத்திலேயே எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அரைமணி நேர உரையாடல் போதும்.