ஆறு லட்ச ரூபாய்க் காமிரா தேவையா?

கடன் வாங்கியாவது புதுக் காமிரா வாங்கலாமா? சேத்தியாத்தோப்பில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சோனி கம்பெனி 2024 நவம்பரில் 'ஆல்பா 1' காமிராவின் இரண்டாவது மாடலை வெளியிட்டது. உள்ளே கண்ணாடி இல்லாத ரகம். லென்ஸ் சேர்க்காமலே விலை ஏறக்குறைய ஆறு லட்சம்! படத்துக்கு ஐந்து கோடிப் புள்ளிகள். விநாடிக்கு 30 படங்கள். பொத்தானை அழுத்துவதற்கு ஒரு விநாடி முன்பு நடந்ததைக்கூடப் பிடித்துவிடும். வீராணம் ஏரியில் கொக்கு எழும்பும் கணத்துக்குக் காத்திருப்பவருக்கு இது வரப்பிரசாதம்தான்.

ஆனால், மணவறையில் கொக்கு பறப்பதில்லையே! 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் தாராளம். 2021-ல் வந்த முதல் மாடலிலும் இதே ஐந்து கோடி, இதே 30 படங்கள்தான்.

தாலி கட்டும் நேரத்தில் இருக்கிற ஒரே காமிரா மக்கர் செய்தால் என்ன கதி? அந்தப் பணத்தில் நடுத்தரக் காமிரா இரண்டும், நல்ல லென்சும், பிளாஷ் விளக்கும் வாங்கலாம். ஒன்று படுத்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கடன் தவணைக்கு ஆடி ஏது, மார்கழி ஏது?