கோடை விடுமுறையும் ஊர்ப் பறவைகளும்

ஆண்டுதோறும் யூலை மாதக் கடைசியில் இங்கிலாந்துப் பாடசாலைகள் மூடப்பட்டதும், மோர்டன், ரூட்டிங், மிச்சம் பகுதிகளில் வாழும் எம்மவர் பலர் குடும்பத்துடன் தாயகம் நோக்கிப் புறப்படுகின்றனர். நல்லூர்த் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம், காணி அலுவல்கள் எனப் பெரியவர்களுக்கு வேலைகள் ஏராளம். பிள்ளைகளுக்கோ முதல் மூன்று நாள் புதுமை. நான்காம் நாள் சலிப்பு. அம்மம்மா அன்போடு கேட்கும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை, பிறகு கைத்தொலைபேசி. பேரப்பிள்ளைக்கும் பாட்டனாருக்கும் இடையே உருப்படியான உரையாடல் ஒன்றேனும் நிகழாமலே மீண்டும் விமானம் ஏறும் குடும்பங்கள் பல. இக்குறையைப் போக்கச் செலவில்லாத வழியொன்று உண்டு. அதிகாலையில் பிள்ளைகளை ஊர் முதியவர்களோடு பறவை பார்க்க அனுப்புங்கள் என்பதே அது.

மோர்டனில் வளரும் பிள்ளைக்குப் பறவை புதிதன்று. கில்லியட் ஹற்ஃபீல்ட் என்பவர் 1941இல் நாஷனல் ட்றஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்ற மோர்டன் ஹோல் பூங்கா, சுரங்கரயில் நிலையத்திலிருந்து நடந்துசெல்லும் தூரத்திலேயே உள்ளது. அதனூடாக ஓடும் வாண்டில் ஆறு, 1960களில் கழிவுநீர் வாய்க்கால் என்று சொல்லுமளவுக்குக் கெட்டிருந்தது. பின்னர் அது துப்புரவாக்கப்பட்டது, மீன்கள் திரும்பின, மீன்களைத் தேடிப் பறவைகளும் திரும்பின. அங்குள்ள ஈரநிலத்தில் நிற்கும் சாம்பல் நாரையும், வெண்மையான சின்னக் கொக்கும், சிறிய நீல மீன்கொத்தியும், மரத்துக்கு மரம் கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளியும் யாழ்ப்பாணத்து வயல்களிலும் குளக்கரைகளிலும் வாழும் அதே இனங்களே.

இவற்றுள் சின்னக் கொக்கின் கதை எமக்கு நெருக்கமானது. பிரித்தானியாவில் அது முதன்முதலாகக் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது 1996இல், டோர்செற் கரையோரத்துப் பிறவுண்சீ தீவில். எம் மக்கள் பெருந்தொகையாக இந்நாட்டில் தஞ்சம் புகுந்த காலத்திலேயே அதுவும் இங்கு குடியேறியது. இன்று வாண்டில் கரையில் அதனைக் காண்பவர் எவரும் வியப்பதில்லை.

எனவே பிள்ளைக்கும் பேரனாருக்கும் பொதுவான அறிமுகங்கள் ஏற்கெனவே உள்ளன. பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர் தெரியும். பேரனாருக்குத் தமிழ்ப் பெயர் தெரியும். இலக்கண வகுப்பும் மனனம் செய்யும் போட்டியும் சாதிக்க முடியாததை, ஒரே கொக்கை இருவர் சுட்டிக்காட்டும் கணம் சாதித்துவிடும். செண்பகம், புலுனி, ஆட்காட்டி, மணிப்புறா, கொண்டலாத்தி, உழவாரன், தூக்கணாங்குருவி என்ற பெயர்களுள் எத்தனை இன்று எம் வீடுகளில் ஒலிக்கின்றன? இவை கூர்ந்து பார்த்தவர்கள் இட்ட பெயர்கள். ஆள் வருவதைக் கூவி அறிவிப்பதால் அது ஆட்காட்டி. சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னதும் அத்தகைய கூர்ந்த பார்வையாலேயே. நூல்கள் செம்போத்து என்பதை எம்மூர் செண்பகம் என்கிறது. தவிட்டுக்குருவி என்பதைப் புலுனி என்கிறது. இவ்வூர்வழக்குகளில் எத்தனை முதியவர்களின் நாவில் மட்டும் எஞ்சியுள்ளனவோ! அவர்களோடு அவையும் மறையுமுன் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதிக்கொள்வது பிள்ளைகளுக்கு ஏற்ற விடுமுறைப் பணியாகும்.

கோடையில் செல்வோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். வட ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் காலம் பெரும்பாலும் செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரையே. மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் பூநாரைகள் பெருங்கூட்டமாய் நிற்கும் காட்சியை ஓகஸ்டில் எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். வலசைப் பறவைகள் மாரியில் ஊருக்கு வருகின்றன. நாமோ கோடையில் போகின்றோம். ஆகவே நாம் காண்பவை ஊரைவிட்டு ஒருபோதும் போகாத பறவைகளே. சோளகக் காற்று வீசும் அந்நாட்களில் நீர் வற்றிச் சுருங்கிய குளங்களில் எஞ்சிய மீனை நாடிக் கொக்கும் நாரையும் ஒன்றுகூடும். வெயில் ஏறுமுன், காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே தொண்டைமானாற்றங்கரை, அராலி வெளி, சரசாலைக் குருவிக்காடு ஆகிய இடங்களுக்குச் சென்று பாருங்கள். அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்களுக்கு வீட்டுக் கிணற்றடி வாழைகளே போதும்.

பறவை பார்ப்பது வெள்ளையரின் பொழுதுபோக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பறவை இறகுகளைத் தொப்பியில் சூடும் மோகத்தை எதிர்த்து 1889இல் மான்செஸ்ரரிலும் எமக்கு அயலிலுள்ள குறொய்டனிலும் பெண்கள் தொடங்கிய இயக்கமே இந்நாட்டின் பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது என்பது உண்மையே. ஆயின், அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1798இல், தமிழ்நாட்டு வேடந்தாங்கல் கிராமத்தவர், பறவைகளைச் சுடலாகாது என்று செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு பெற்றுவிட்டனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். பறவையைக் காப்பதற்கு எமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. மறந்ததை நினைவுகூர்ந்தாற் போதும்.

இதனிலும் கனமான மறுப்பு வேறொன்றுண்டு. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், போருக்குப்பின் 2015இல் விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனங்களையும் விலங்குகளையும் காப்பதாகச் சொல்லித் தம் காணிகளுக்கும் தொழிலிடங்களுக்கும் எல்லைக்கல் நாட்டப்படுவதாக வடபுலத்து மக்கள் முறையிட்டு வருகின்றனர். காணியிழந்தவனிடம் கொக்கின் அழகைப் பேசலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை பறவைகளை வெறுப்பதன்று. அவற்றைப் பற்றிய அறிவை அரச திணைக்களங்களுக்கு மட்டுமே உரியதாக விட்டுவிடாதிருப்பதாகும். பறவைகளின் பாதையிலுள்ள மன்னாரில் அதானி நிறுவனம் காற்றாலைகள் அமைக்க முற்பட்டபோது, ஊர் மக்களின் குரலும் சூழலியலாளரின் குரலும் இணைந்து ஒலித்தன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் அத்திட்டத்திலிருந்து விலகியது. அது விலகியதற்குக் கட்டணம் தொடர்பான பிணக்கும் காரணமாயினும், தம் கரைக்கு எப்பறவை எப்போது வருகிறது என்று சொல்லவல்ல மக்களின் பேச்சை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று.

செல்வோருக்குச் சில எச்சரிக்கைகள். கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடந்த நிலம் அது. எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களிலும் பாழடைந்த பற்றைகளிலும் காலடி வைக்கவேண்டாம். ஊரவர் துணையின்றிப் பாதையைவிட்டு விலகவேண்டாம். படைமுகாம்களுக்கருகில் தொலைநோக்கியையும் ஒளிப்படக் கருவியையும் உயர்த்துவதைத் தவிருங்கள். கூடுகளைக் கிட்ட நெருங்கிக் கலைக்காதீர்கள்.

வதிவிட உரிமை கிட்டாததால் ஊர் செல்ல முடியாதோரும் எம்மிடையே உள்ளனர். அவர்கள் தம் பிள்ளைகளை, இங்கு வாழும் முதியவர்களுடன் வாண்டில் கரைக்கு அழைத்துச் செல்லலாம். அங்கு நிற்கும் நாரைக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. இவ்விடுமுறை முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் இருபது பறவைகளின் பெயரை ஒரு முதியவரின் வாயிலிருந்து கேட்டு எழுதட்டும். பெயர் தெரிந்த பறவையைத்தான் பிள்ளை மறுபடி தேடும். அப்பெயரைச் சொல்லித்தந்தவரையும் அது மறவாது.