சர்வர் பில்லும் சந்தைச் சுங்கமும்

போன வாரம் பூரா ஆணி அதிகம் மக்களே, அதான் பதிவுப்பக்கம் தலைகாட்ட முடியலை. எல்லாம் ஒரு சர்வர் பில் இழுத்துவிட்ட வினை.

போச்சம்பள்ளி சிப்காட்ல ஒரு தொழிற்சாலையில பொட்டி தட்டுறேன். எல்லாத் துறைக்கும் பொதுவா நாலஞ்சு சர்வர். "யார் எவ்வளவு சிபியு ஓட்டுறாங்களோ அந்த விகிதத்துல செலவைப் பிரி"ன்னு ஆறு மாசம் முன்னாடி டேமேஜர் உத்தரவு போட்டார். கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா பாதி நியாயம்தான்.

கணக்குத் துறை மாசக் கடைசி ரெண்டு நாளுக்காக மெமரியில பாதியை வளைச்சுப் போட்டிருக்கு. மத்த நாள் அது சும்மா கிடக்கும். சராசரி எடுத்தா அவங்க பில் சொற்பம். உற்பத்திப் பிரிவோட குட்டி மென்பொருளோ மூணு ஷிப்டும் ஓடுது, அதனால பில் அவங்க தலையில. அவங்க என்ன பண்ணாங்க? செலவைக் குறைக்க, எந்தப் பாகம் எந்த மெஷின்ல எப்ப ஓடுச்சுங்கிற லாகையே நிறுத்திட்டாங்க. போன வாரம் ஒரு பாகம் பழுதுன்னு திரும்பி வந்துச்சு. எந்த லாட்னு தேட ஒரு வரி இல்லை. குடோன்ல இருந்த மொத்த சரக்கையும் கையால சோதிச்சோம்.

நம்ம ஊர் ஞாயித்துக்கிழமை சந்தையில வியாபாரம் ஆனாலும் ஆகாட்டியும் கடை போட்ட இடத்துக்குச் சுங்கம் கட்டணும். அட, தொழிற்சாலையோட உயரழுத்த கரண்ட் பில்லையே எடுத்துப் பாருங்க. ஓட்டின யூனிட்டுக்குத் தனி, கேட்டு வாங்கின கே.வி.ஏ.வுக்குத் தனி. மெஷின் ஓடாட்டியும் ஒப்பந்த அளவுல 90 சதவீதத்துக்கு டிமாண்ட் சார்ஜ் உண்டு. ஏன்னா டிரான்ஸ்பார்மரும் கம்பியும் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. சர்வரும் அப்படித்தான். அதை உச்சத்துக்குத்தான் வாங்கினோம், சராசரிக்கு இல்லை.

"அமேசான்காரன் ஓட்டினதுக்குத்தானே வாங்குறான்?"னு கேட்பீங்க. 2006ல மணிக்கணக்கு, 2017ல நொடிக்கணக்குக்கும் வந்தாங்க, வாஸ்தவம். ஆனா அங்கேயும் மெஷினை ஆன் பண்ணிட்டுச் சும்மா விட்டாலும் மீட்டர் ஓடும் சாமி!

என் கட்சி இதுதான். பிடிச்சு வச்ச மெமரிக்கும் டிஸ்க்குக்கும் நிலையான பங்கு, ஓட்டின சிபியுவுக்குத் தனிப் பங்கு. பேக்கப்பும் லாகும் பொதுச்செலவு, அதுல எந்தத் துறையும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இதை டேமேஜர்கிட்ட சொன்னேன். "எக்செல்ல போட்டுக் கொண்டா"ன்னுட்டார். அடுத்த ஆணி ரெடி!

உங்க ஆபீஸ்ல எப்படிப் பிரிக்கிறாங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.