'நீதானே அனுப்புன?' - அந்தரங்கப் படம் பரவினால் சட்டம் யார் பக்கம்?

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கல்லூரிக் காலத்தில் பழகியவர் தனக்குத் தெரியாமல் எடுத்த அந்தரங்கக் காட்சிகள், 70-க்கும் மேற்பட்ட இணையதளங்களில் பரவுகின்றன என்பது புகார். 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் படித்தவருக்கே இந்த நிலை என்றால் சாதாரணப் பெண் என்ன செய்வார் என்ற கவலையையும் அவர் எழுப்பினார்.

தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தில் இருக்கும் ஒரு பெண்ணால் ஹைகோர்ட் வரை போக முடியுமா? போகத் தேவையில்லை என்பதுதான் பதில்.

படத்தை நானே அனுப்பியிருந்தால்?

பலரும் புகார் தராமல் இருப்பதற்குக் காரணமே இந்த பயம்தான். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம். முதல் முறை 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறை.

ஃபார்வர்டு செய்தவருக்கு?

தப்ப முடியாது. பாலியல் காட்சிகளை அனுப்பினால் ஐ.டி. சட்டப் பிரிவு 67ஏ-படி 5 ஆண்டுகள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தரங்க உறுப்புப் படங்களுக்கான 66இ பிரிவு ஆண்களுக்கும் பாதுகாப்பு தருகிறது.

படத்தை எப்படி நீக்குவது?

அந்தந்த ஆப் அல்லது தளத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்யலாம். உங்களுக்காக வேறொருவரும் செய்யலாம். மார்பிங், ஏஐ போலிப் படங்களுக்கும் இது பொருந்தும். 2021 விதிகளில் 24 மணி நேரமாக இருந்த கெடு, 2026 பிப்ரவரி திருத்தத்தில் 2 மணி நேரமானது.

போலீஸில் எங்கே புகார்?

எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். 'இது எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பக் கூடாது. தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

பயத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள். லிங்க், தேதி, அனுப்பியவரின் எண்ணை ஸ்கிரீன்ஷாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், 'நீதானே அனுப்புன?' என்ற கேள்வி முதலில் வருவது பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். அதற்குப் பதில் 'யார் பரப்புனது?' என்று கேட்டால், புகார் தர அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்.